ஏ.டி.எச்.டி. மதிப்பீடு: பிள்ளையை அறிந்தவர்களின் சாட்சியம்

ஏ.டி.எச்.டி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் அவதானக்குறைவு மிகைச்செயற்பாட்டுக் கோளாறு மூளை வளர்ச்சியோடு தொடர்புடையது. சிறு வயதிலேயே தொடங்கும். பலருக்கு வளர்ந்த பின்னும் தொடரும். 2007 இல் வெளியான ஓர் உலகளாவிய தொகுப்பாய்வு, பிள்ளைகளில் 5.29 சதவீதத்தினருக்கு இது இருப்பதாக மதிப்பிட்டது. வளர்ந்தோரில் ஏறத்தாழ 2.5 சதவீதம் என்று 2009 இல் வெளியான மற்றொரு தொகுப்பாய்வு கூறியது. நாற்பது பிள்ளைகள் இருக்கும் வகுப்பில் இருவர் என்று வைத்துக்கொண்டால் கணக்கு பெரிதாகத் தவறாது. இலங்கையின் அம்பாறைக் கரையில், பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ உள்ள பாடசாலைகள் இதற்கு விலக்காக இருக்கக் காரணம் எதுவும் இல்லை. அந்த இருவர் யார் என்று கண்டுபிடிப்பதுதான் கடினம்.

இரத்தத்தில் ஒரு பொருளின் அளவைப் பார்த்தோ மூளையைப் படம் பிடித்தோ சொல்லிவிட முடிந்தால் வேலை எளிதாக முடிந்துவிடும். 2017 இல் பல நாட்டு ஆய்வாளர்கள் ஒன்றுசேர்ந்து, ஏ.டி.எச்.டி. உள்ள 1,713 பேரின் மூளைப் படங்களை, அது இல்லாதவர்களின் படங்களோடு ஒப்பிட்டார்கள். மூளையின் உட்பகுதிகள் சில சராசரியில் சற்றுச் சிறிதாக இருந்தன. வேறுபாடு மிகவும் சிறியது. தனியொரு பிள்ளையின் படத்தை விளக்கின் முன் பிடித்து ‘உண்டு’ என்றோ ‘இல்லை’ என்றோ சொல்ல அது உதவாது. மரபின் பங்கு பெரியதுதான். இரட்டையர் ஆய்வுகள் அதை ஏறத்தாழ 74 சதவீதம் என்கின்றன. ஆனால் அந்தப் பங்கு மிகப் பல மரபணு வேறுபாடுகளுக்கிடையில் சிதறிக் கிடக்கிறது. எந்த ஒன்றையும் சோதித்து முடிவு சொல்ல இயலாது. கணினித் திரையில் குறித்த எழுத்துத் தோன்றும்போது மட்டும் பொத்தானை அழுத்தச் சொல்லும் அவதானச் சோதனைகள் இருக்கின்றன. ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளை புதிய இடத்தின் உற்சாகத்தில் அதை நன்றாகச் செய்துவிடலாம். இரவு தூங்காத அல்லது பயந்துபோன பிள்ளை தடுமாறலாம். 2013 இல் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் ஒரு மூளை மின்னலைக் கருவிக்கு அனுமதி அளித்தபோதும், வைத்தியரின் மதிப்பீட்டுக்குத் துணையாக மட்டுமே பயன்படுத்தலாம் என்றே வரையறுத்தது. ஆகவே ஒரே ஸ்கானில் ஏ.டி.எச்.டி.யை உறுதிப்படுத்தித் தருவதாகச் சொல்லும் எந்த நிலையத்துக்கும் பெற்றோர் காசைக் கொடுக்க வேண்டியதில்லை.

கருவிகள் கைகொடுக்காத இடத்தில் மனிதர்களின் சாட்சியம் முக்கியமாகிறது. பிள்ளை வெவ்வேறு இடங்களில் எப்படி நடந்துகொள்கிறது, எப்போதிலிருந்து, எவ்வளவு காலமாக, அதனால் என்ன இழக்கிறது என்பதை அதை நாள்தோறும் பார்ப்பவர்களிடமிருந்து திரட்டி எடைபோடுவதே மதிப்பீடு. எடைபோடுபவர் தூரத்து நகரத்தில் இருக்கலாம். எடைபோடப்படும் செய்தி முழுவதும் பிள்ளையின் ஊரில்தான் இருக்கிறது. உளநல மருத்துவர் எட்டாத் தொலைவில் இருக்கும் கரையோர ஊர்களுக்கு இந்த உண்மை மிகவும் பயன்படக்கூடியது.

எடைபோடும் அளவுகோல்கள் ஒரே நாளில் உருவாகவில்லை. புத்தி நன்றாக இருந்தும் அடங்கியிருக்க முடியாத பிள்ளைகளைப் பற்றி ஜோர்ஜ் ஸ்ரில் என்ற பிள்ளை வைத்தியர் 1902 இல் லண்டனில் விரிவுரைகள் ஆற்றினார். அமெரிக்க உளமருத்துவச் சங்கத்தின் கைநூல் 1968 ஆம் ஆண்டுப் பதிப்பில் இந்நிலையைச் சேர்த்தபோது, மிகையான அசைவையே அடையாளமாகக் கொண்டது. 1980 ஆம் ஆண்டுப் பதிப்பு அவதானக் குறைவை மையத்துக்குக் கொண்டுவந்தது. துள்ளித் திரியாமல் அமைதியாக உட்கார்ந்தபடி கவனம் சிதறும் பிள்ளையும் அதன் பின்னரே வைத்தியரின் கண்ணில் படத் தொடங்கியது. இன்றைய பெயர் 1987 இல் வந்தது. தற்போது நடைமுறையில் இருப்பது 2013 இல் வெளியாகி, 2022 இல் திருத்தப்பட்ட ஐந்தாம் பதிப்பு. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டின் பதினோராம் பதிப்பும் 2022 முதல் நடைமுறையில் உள்ளது. அறிகுறிகளுக்கு எண்ணிக்கை வரம்பு விதிக்காமல் வைத்தியரின் தீர்மானத்துக்கு அது கூடுதல் இடம் விடுகிறது. அடிப்படையில் இரண்டும் கேட்பவை ஒன்றே.

அமெரிக்கக் கைநூல் அவதானக் குறைவுக்கு ஒன்பது அறிகுறிகளையும், மிகைச்செயற்பாட்டுக்கும் அவசரப்படுதலுக்கும் சேர்த்து இன்னும் ஒன்பதையும் தருகிறது. கவலையீனத்தால் பிழை விடுதல், ஒரு வேலையில் மனம் நிலைக்காமை, முன்னால் நின்று பேசினாலும் கேளாததுபோல் இருத்தல், தொடங்கியதை முடிக்காமை, ஒழுங்குபடுத்தத் தெரியாமை, நீண்ட நேரம் மூளைக்கு வேலை கொடுக்கும் காரியங்களைத் தட்டிக்கழித்தல், பொருட்களைத் தொலைத்தல், சிறு சத்தத்துக்கும் கவனம் திரும்புதல், அன்றாடக் காரியங்களை மறத்தல் ஆகியவை முதல் வகை. கைகால்களை ஓயாமல் அசைத்தல், இருக்கையை விட்டு எழும்புதல், இடம்பாராமல் ஓடி ஏறித் திரிதல், சத்தமின்றி விளையாட முடியாமை, ஓய்வின்றி இயங்குதல், அளவுக்கு மீறிப் பேசுதல், கேள்வி முடியுமுன் விடை சொல்லுதல், முறை வரும்வரை காத்திருக்க முடியாமை, பிறர் பேச்சிலும் விளையாட்டிலும் குறுக்கிடுதல் ஆகியவை இரண்டாம் வகை. பிள்ளைக்கு ஏதேனும் ஒரு வகையில் குறைந்தது ஆறு இருக்க வேண்டும். பதினேழு வயதோ அதற்கு மேலோ ஆனவருக்கு ஐந்து போதும்.

இந்தப் பட்டியலை வாசிக்கும் எந்த உம்மாவுக்கும் தன் பிள்ளையின் முகம் நினைவுக்கு வராமல் போகாது. பதினெட்டில் பாதி எல்லாப் பிள்ளைகளிடமும் ஏதோவொரு நாளில் காணப்படுபவைதான். பட்டியலோடு சேர்த்து விதிக்கப்பட்டிருக்கும் நிபந்தனைகளே குழப்படிக்காரப் பிள்ளையையும் ஏ.டி.எச்.டி. உள்ள பிள்ளையையும் பிரித்துக் காட்டுகின்றன. அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடித்திருக்க வேண்டும். அந்த வயதுப் பிள்ளைகளிடம் வழமையாகக் காணும் அளவை விஞ்ச வேண்டும். அவற்றுள் சில பன்னிரண்டு வயதுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும். ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில் காணப்பட வேண்டும். படிப்பையோ உறவுகளையோ அன்றாட வாழ்க்கையையோ உண்மையாகப் பாதிக்க வேண்டும். வேறொரு நோய் அவற்றைச் சிறப்பாக விளக்கிவிடக் கூடாது. 2013 க்கு முன்னர் வயது வரம்பு ஏழாக இருந்தது. அமைதியாகக் கவனம் சிதறும் பிள்ளையின் சிரமம், பாடங்கள் கூடும் மேல் வகுப்புகளிலேயே வெளிப்படும் என்று கண்டதால் அது பன்னிரண்டுக்கு உயர்த்தப்பட்டது.

‘ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்’ என்ற நிபந்தனை இக்கரையின் ஊர்களுக்கு விசேடமாகப் பொருந்துகிறது. மேலை நாட்டுக் கையேடுகள் வீடு, பாடசாலை என்ற இரண்டைத்தான் பெரும்பாலும் பேசும். பொத்துவிலின் முஸ்லிம் பிள்ளைக்கு மூன்றாவதும் உண்டு: குர்ஆன் மத்ரஸா. எழுத்தின் ஒலியைக் கூர்ந்து கேட்டுத் திருப்பிச் சொல்வதும், தன் முறை வரும்வரை காத்திருப்பதும், ஸூராக்களை மனனம் செய்வதும், மற்றப் பிள்ளைகளின் ஓதல் சத்தத்துக்கு நடுவே தன் வரியில் நிற்பதும் அங்கே நாள்தோறும் நடக்கின்றன. இவை அவதானத்தையும் பொறுமையையும் நேரடியாகக் கேட்கும் வேலைகள். பாடசாலையில் மட்டும் குழப்படி செய்து, மத்ரஸாவில் ஒழுங்காக ஓதும் பிள்ளையின் சிக்கல் வகுப்பறையில் இருக்கலாம்: வாசிக்கத் தெரியாமை, கரும்பலகை தெரியாமை, மற்றப் பிள்ளைகளின் தொந்தரவு. இரண்டு இடத்திலும் வீட்டிலும் ஒரே சிதறல் தெரிந்தால் சாட்சியம் பலமடைகிறது. இவ்வளவு பெறுமதியான சாட்சியம் கையருகில் இருந்தும், ஓதிக்கொடுக்கும் மௌலவியிடம் ஒரு வார்த்தை கேட்டு எழுதிக்கொண்டு போகும் எண்ணம் பெற்றோருக்கு வருவது அரிது. கிளினிக்கிலும் அதைக் கேட்க வேண்டும்.

வீட்டிலும் யாரிடம் கேட்பது என்பது யோசிக்க வேண்டிய விடயம். அம்பாறைக் கரையின் முஸ்லிம் குடும்பங்களில் திருமணத்தின் பின் கணவன் மனைவியின் வீட்டுக்கு வருவது வழமை. பிள்ளை வளர்வது உம்மாவின் உறவுகளுக்கு நடுவில். காலை முதல் இரவு வரை அதைக் கவனிப்பவர் பல வீடுகளில் மூத்தம்மாதான். வாப்பா கடலுக்கோ கட்டாருக்கோ சவூதிக்கோ போயிருக்கலாம்; உம்மாவே வெளிநாட்டில் வேலை செய்யும் வீடுகளும் உண்டு. கிளினிக்கில் உட்கார்ந்து பதில் சொல்பவர் அண்மையில்தான் ஊர் திரும்பியவராக இருந்தால், கடந்த ஆறு மாதத்தைப் பற்றி அவர் சொல்வதில் பாதி கேள்விப்பட்டதாகவே இருக்கும். மூத்தம்மாவையும் கூட்டிக்கொண்டு போவது நல்லது. வெளிநாடு சென்ற தாயின் பிரிவே ஒரு பிள்ளையின் அமைதியைக் கெடுக்கக்கூடியது என்பதையும் மதிப்பிடுபவர் கணக்கில் எடுக்க வேண்டும்.

சாட்சியத்தை ஒழுங்குபடுத்திப் பெறுவதற்கு வினாக்கொத்துகள் இருக்கின்றன. ரொபர்ட் குட்மன் 1997 இல் வெளியிட்ட, பலங்களையும் சிரமங்களையும் அளக்கும் எஸ்.டி.கியூ. வினாக்கொத்தில் 25 கூற்றுகள். அவற்றில் ஐந்து அவதானம், மிகைச்செயற்பாடு பற்றியவை. தமிழிலும் இருக்கிறது. வண்டர்பில்ட் அளவுகோல் ஆறு முதல் பன்னிரண்டு வயது வரையிலான பிள்ளைகளுக்கானது. பெற்றோருக்கு 55 கேள்விகள், ஆசிரியருக்கு 43. ஒவ்வோர் அறிகுறியும் ‘ஒருபோதும் இல்லை’ முதல் ‘மிக அடிக்கடி’ வரை நான்கு படிகளில் குறிக்கப்படும். கொன்னர்ஸ், ஸ்னாப் போன்றவையும் பயன்பாட்டில் உள்ளன.

இவை சல்லடைகள். சலித்த பின் மீதியாக நிற்பதெல்லாம் ஏ.டி.எச்.டி. ஆகிவிடாது. 2013 இல் வெளியான கோயம்புத்தூர் ஆய்வொன்று, தொடக்கப் பாடசாலைப் பிள்ளைகள் 770 பேரைச் சுருக்கப்பட்ட கொன்னர்ஸ் அளவுகோலின் உதவியோடு பார்த்து, 11.32 சதவீதத்தினருக்கு ஏ.டி.எச்.டி. இருப்பதாகக் கூறியது. உலகச் சராசரியின் இரு மடங்குக்கும் அதிகம் இது. கோயம்புத்தூர்ப் பிள்ளைகள் இரு மடங்கு துள்ளுகிறார்கள் என்று இதை வாசிப்பதைவிட, அளவுகோலை நம்பி எண்ணினால் எண்ணிக்கை உயரும் என்று வாசிப்பதே பொருத்தம். பிரித்தானியாவின் 2018 ஆம் ஆண்டு வழிகாட்டி, வினாக்கொத்தையோ அவதானித்துக் கண்டதையோ மட்டும் வைத்து ஏ.டி.எச்.டி. என்று முடிவு சொல்லக் கூடாது என்று தெளிவாகவே எழுதியிருக்கிறது. கைபேசியில் பத்துக் கேள்விக்கு விடையளித்துவிட்டுத் தனக்கோ பிள்ளைக்கோ பெயர் சூட்டிக்கொள்பவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

ஆசிரியர் தரும் புள்ளிகளுக்கும் ஒரு எச்சரிக்கை தேவை. இலங்கையில் ஜனவரி 31 ஆம் திகதி ஐந்து வயது நிறைவடைந்த பிள்ளை அவ்வாண்டு தரம் 1 இல் சேரலாம். ஜனவரி கடைசியில் பிறந்த பிள்ளை, முந்திய பெப்ரவரியில் பிறந்த பிள்ளையோடு ஒரே வாங்கில் அமர்கிறது. இருவருக்கும் இடையில் ஏறக்குறைய ஒரு முழு ஆண்டு. ஐந்து வயதில் ஓர் ஆண்டு என்பது வாழ்நாளில் ஐந்தில் ஒரு பங்கு. அந்த அளவுக்கு இளைய பிள்ளையிடம் அடக்கமும் பொறுமையும் குறைவாகத்தான் இருக்கும். 2018 இல் வெளியான அமெரிக்க ஆய்வொன்று செப்டெம்பர் 1 ஐ எல்லையாகக் கொண்ட மாநிலங்களை ஆராய்ந்தது. வகுப்பில் மிகவும் இளையவர்களான ஓகஸ்ட் பிள்ளைகளில் 10,000 க்கு 85.1 பேருக்கும், மிகவும் மூத்தவர்களான செப்டெம்பர் பிள்ளைகளில் 63.6 பேருக்கும் ஏ.டி.எச்.டி. என்று முடிவு சொல்லப்பட்டிருந்தது. பிறந்த மாதத்தால் மூளை மாறுவதில்லை. வயதில் இளைய பிள்ளையை நோயுள்ள பிள்ளையாகக் கொண்டதே இந்த இடைவெளிக்குக் காரணம். தரம் 1, 2 ஆசிரியர்கள் வினாக்கொத்தை நிரப்புமுன் பிறந்த திகதியைப் பார்ப்பது இதற்கு எளிய பரிகாரம்.

வினாக்கொத்தை நிரப்பும் காலமும் முக்கியம். முஸ்லிம் பாடசாலைகளுக்கு நோன்பு மாதத்தில் விடுமுறை. ஸஹருக்கு எழும்பி, பகலில் உறங்கி, இரவில் விழித்திருக்கும் அந்த வாரங்களில் எந்தப் பிள்ளையின் மனமும் நிலையாக இராது. அக்காலத்தில் வீட்டில் கண்டதை வைத்து மதிப்பெண் இடாமல், வழமையான பாடசாலை நாட்களை நினைத்தே விடையளிக்க வேண்டும்.

இனி உடல். ஏ.டி.எச்.டி.யைப்போல் தோன்றும் பல சிக்கல்கள் உடலிலிருந்தே வருபவை. அவற்றுள் சில முழுமையாகக் குணமாகக் கூடியவை. அடிக்கடி காதில் சீழ் வடியும் பிள்ளைக்குக் கேட்டல் குறைந்திருந்தால் அது சொன்னதைச் செய்யாது. ஆசிரியருக்கு அது அவதானக் குறைவாகத் தெரியும். கண் பார்வை மங்கலான பிள்ளையும் அப்படியே. தொண்டை முளைகளும் மூக்கின் பின்புறத் திசுவும் வீங்கிக் குறட்டை விட்டு மூச்சுத் திணறி உறங்கும் பிள்ளை, பகலில் சோர்ந்து படுப்பதற்குப் பதிலாகத் துள்ளித் திரிவது பெற்றோரை ஏமாற்றும். சில நொடிகள் வெறித்துப் பார்த்துவிட்டு மீளும் ஒரு வகை வலிப்பு, பகற்கனவு என்று தவறாக எடுக்கப்படும். இரும்புச் சத்துக் குறைவு, தைரொயிட் சுரப்பிக் கோளாறு ஆகியவையும் பார்க்கப்பட வேண்டியவை. மருந்துகளும் உண்டு: வலிப்புக்குக் கொடுக்கும் பினோபாபிற்றல் சில பிள்ளைகளை அமைதியிழக்கச் செய்யும், தொய்வுக்குக் கொடுக்கும் சல்பியூற்றமோல் கைநடுக்கத்தையும் படபடப்பையும் தரும்.

இவற்றில் பலவற்றைப் பொத்துவிலிலேயே பார்த்துவிடலாம். சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகம் தரம் 1, 4, 7, 10 பிள்ளைகளுக்கு நடத்தும் பாடசாலை மருத்துவப் பரிசோதனை கண்ணையும் காதையும் வளர்ச்சியையும் பார்க்கிறது. குழந்தை பிறந்ததும் கொடுக்கப்படும் பிள்ளைச் சுகாதார வளர்ச்சிப் பதிவேட்டில் பிறப்பு நிறை, நிறைமாதமா குறைமாதமா, எப்போது இருந்தது, நடந்தது, பேசியது என்பதெல்லாம் பதியப்பட்டிருக்கும். குறைமாதப் பிறப்பும் குறைந்த பிறப்பு நிறையும் ஏ.டி.எச்.டி.க்கான வாய்ப்பைக் கூட்டுபவை என்பதால், அந்தப் பதிவேடு ஐந்து வயதுக்குப் பின் அலுமாரியில் போட்டு மறக்க வேண்டிய பொருள் அல்ல.

உடலைப் பார்த்த பின் மனதையும் வாழ்வையும் பார்க்க வேண்டும். வீட்டில் வன்முறை, மரணம், பிரிவு, பாடசாலையில் அடி, பாலியல் துன்புறுத்தல் ஆகிய ஒவ்வொன்றும் பிள்ளையின் கவனத்தைக் குலைக்கும். அச்சத்தில் இருக்கும் பிள்ளை எப்போதும் ஆபத்தை எதிர்பார்த்து விழிப்பாக இருக்கிறது. எதிர்பார்க்காத சத்தத்துக்குத் திடுக்கிடுகிறது. பாடத்தில் மனம் நிற்பதில்லை. வெளியில் தெரிவது ஏ.டி.எச்.டி.தான், வேர் வேறு. இரண்டையும் பிரிக்கும் முதற் கேள்வி காலத்தைப் பற்றியது. ஏ.டி.எச்.டி.க்குத் தொடங்கிய நாள் என்று ஒன்றிருக்காது. உம்மா யோசித்தால் ‘நடக்கத் தொடங்கியதிலிருந்தே இப்படித்தான்’ என்பார். அதிர்ச்சியால் வந்த மாற்றத்துக்கு முன்னும் பின்னும் உண்டு.

ஏ.டி.எச்.டி. தனியாக வருவதும் குறைவு. அமெரிக்காவில் ஏழு முதல் ஒன்பது வயதான 579 பிள்ளைகளைக் கொண்டு நடத்தப்பட்டு, முதல் முடிவுகள் 1999 இல் வெளியான பெரிய ஆய்வில், ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு மட்டுமே ஏ.டி.எச்.டி. தனித்து இருந்தது. மற்றவர்களுக்கு எதிர்த்து நிற்கும் இயல்பு, பதகளிப்பு, நடத்தைக் கோளாறு போன்றவற்றுள் ஏதோவொன்று சேர்ந்திருந்தது. வாசிப்புக் குறைபாடு சேர்ந்திருப்பது இன்னொரு பொதுவான நிலை. ஓட்டிசமும் ஏ.டி.எச்.டி.யும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதை 2013 க்கு முந்திய கைநூல் ஏற்கவில்லை, இப்போது ஏற்கிறது. அதனால் ஒன்றைக் கண்டதும் மற்றதைத் தேடுவதை நிறுத்திவிடக் கூடாது. நுண்ணறிவுச் சோதனையும் வாசிப்பு, எழுத்து, கணிதச் சோதனைகளும் இங்கேதான் உதவுகின்றன. அவை ஏ.டி.எச்.டி.யைக் காட்டுவதில்லை, கூட இருப்பது என்ன என்பதைக் காட்டுகின்றன. அந்தச் சோதனை பிள்ளையின் வீட்டுமொழியில் நடக்க வேண்டும். வேறொரு நாட்டுப் பிள்ளைகளை வைத்து வகுத்த புள்ளி நியமத்தைக் கிழக்கிலங்கைத் தமிழ் பேசும் பிள்ளைமீது அப்படியே சுமத்துவது அநியாயம்.

பெண் பிள்ளைகள் இந்த முழு ஏற்பாட்டிலும் தவறவிடப்படுகிறார்கள். சமூகக் கணக்கெடுப்புகளில் ஆண்கள் இருவருக்குப் பெண் ஒருவர் என்ற அளவில் காணப்படும் ஏ.டி.எச்.டி., கிளினிக்குகளில் ஆண் பிள்ளைகளின் நோய்போலவே தோன்றுகிறது. பெண்களிடம் அவதானக் குறைவு முன்னிற்பது அதிகம். வாங்கில் அமைதியாக இருந்து யன்னலைப் பார்க்கும் சிறுமியால் ஆசிரியருக்குத் தொல்லையில்லை. அடக்கமாக இருக்கப் பழக்கப்பட்ட பிள்ளை தன் சிதறலை மறைக்கவும் பழகிவிடுகிறது. மூன்று மணித்தியாலம் எடுத்து வீட்டுவேலை முடிப்பதும், பொருட்களைத் தொலைத்து அழுவதும், எப்போதும் ஏச்சு வாங்குவதும் யாருக்கும் தெரியாமல் போகின்றன. ‘பிள்ளை மந்தம்’ என்று வீட்டில் சொல்லி முடித்துவிடுகிறார்கள். புலமைப்பரிசில் வகுப்பிலோ அதற்குப் பின்னரோ ஒரு பிள்ளையின் புள்ளி சடாரென இறங்கினால், சோம்பல் என்று தீர்ப்பதற்கு முன் இந்த வழியிலும் பார்ப்பது நீதியாகும்.

திரட்டிய எல்லாவற்றையும் வைத்து முடிவு சொல்பவர் பயிற்சி பெற்ற பிள்ளைநல மருத்துவர் அல்லது உளநல மருத்துவர். ஆசிரியரோ ஆலோசகரோ சந்தேகத்தை எழுப்பலாம், முடிவு சொல்ல முடியாது. பொத்துவில் ஆதார வைத்தியசாலையிலிருந்து மட்டக்களப்புப் போதனா வைத்தியசாலைக்கு நூறு கிலோமீற்றருக்கு மேல். கல்முனைக்குப் போனாலும் பாதி நாள் போய்விடும். கொழும்பின் சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலை ஓரிரவுப் பயணம். தினக்கூலிக்குப் போகும் வாப்பாவுக்கு ஒரு நாள் கிளினிக் என்பது ஒரு நாள் வருமானம். ஒரே அமர்வில் முடியாத மதிப்பீடு இது என்பதால், முதல் தடவையிலேயே முழுச் சாட்சியத்தோடு போவது இரண்டாம், மூன்றாம் பயணங்களைக் குறைக்கும். உளநல மருத்துவர் இல்லாத இடங்களில் பொது வைத்தியர்கள் தொடக்க மதிப்பீட்டைச் செய்வதற்காக, உலக சுகாதார நிறுவனம் 2010 இல் வெளியிட்டு 2016 இல் புதுப்பித்த வழிகாட்டியில் பிள்ளைகளின் நடத்தைக் கோளாறுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. அந்த வழிகாட்டியும் ஆறு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு மருந்து கொடுப்பதை ஏற்பதில்லை. அதற்கு மேற்பட்டவருக்கும் நிபுணரைக் கேட்டே தொடங்கச் சொல்கிறது.

மருந்தைக் கொடுத்துப் பார்த்துக் குணம் தெரிந்தால் ஏ.டி.எச்.டி. என்று எடுத்துக்கொள்ளும் எண்ணமும் தவறு. அமெரிக்காவில் ஜூடித் ரப்பபோர்ட் குழுவினர் 1978 இல் வெளியிட்ட ஆய்வில், எந்தக் கோளாறும் இல்லாத சிறுவர்களுக்கும் ஊக்கி மருந்து கவனத்தைக் கூட்டியது. மருந்து வேலை செய்வது நோய்க்குச் சான்று ஆகாது. கண்ணூறு, ஷைத்தானின் பார்வை என்று எண்ணி ஓதிய தண்ணீர் கொடுப்பதும் பல குடும்பங்களின் முதல் நடவடிக்கை. அதில் தடையொன்றும் இல்லை. காதும் கண்ணும் பார்க்கப்படாமல் ஆண்டுகள் கழிவதே கேடு.

வளர்ந்தவர்களின் மதிப்பீடு வேறு திசையிலிருந்து வருகிறது. பிள்ளையை மற்றவர்கள் கூட்டி வருகிறார்கள். வளர்ந்தவர் தானாக வருகிறார். வேலையில் நிலைக்காமை, கடன் தவணைகளை மறத்தல், விபத்துகள், கணவன் மனைவி பிணக்கு, அல்லது தன் பிள்ளைக்குச் சொல்லப்பட்ட அறிகுறிகளைக் கேட்டுத் தன் சிறுவயதை அடையாளம் காணுதல் போன்றவை அவரைக் கொண்டுவருகின்றன. ஓடித் திரிந்த உடல் இப்போது உட்கார்ந்திருக்கும். அமைதியின்மை உள்ளே போயிருக்கும். கடற்றொழிலிலோ முச்சக்கரவண்டியிலோ இருப்பவருக்கு, அசைவும் மாற்றமும் நிறைந்த அந்த வேலையே பல ஆண்டுகள் சிரமத்தை மறைத்திருக்கலாம். கணக்கெழுதும் வேலைக்கு மாறும்போது அது வெளியே வரும். சிறுவயதில் ஏ.டி.எச்.டி. இருந்தவர்களைத் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தொகுத்து 2006 இல் வெளியான கட்டுரை, 25 வயதில் ஏறத்தாழ 15 சதவீதத்தினருக்கே முழு நிபந்தனைகளும் நிறைவேறுவதாகவும், ஏறத்தாழ 65 சதவீதத்தினருக்கு ஒரு பகுதிச் சிரமம் தொடர்வதாகவும் கண்டது.

உலக சுகாதார நிறுவனத்தின் துணையோடு உருவாகி 2005 இல் வெளிவந்த வளர்ந்தோர் சுயமதிப்பீட்டுப் படிவத்தில் 18 கேள்விகள். முதல் ஆறில் நான்குக்குக் குறித்த அளவுக்கு மேல் விடை வந்தால் விரிவான மதிப்பீடு தேவை என்பது அதன் பொருள். அதற்குப் பின் நீண்ட நேர்காணல். ஒவ்வோர் அறிகுறிக்கும் இப்போதைய உதாரணமும் சிறுவயது உதாரணமும் கேட்கப்படும். மனச்சோர்வு, பதகளிப்பு, இருமுனைக் கோளாறு, தூக்கக் குறைவு, தைரொயிட், போதைப்பொருள் பாவனை ஆகிய ஒவ்வொன்றும் கவனத்தைக் கெடுக்கும் என்பதால், அவற்றை ஒதுக்கிப் பார்க்காமல் முடிவுக்கு வர முடியாது.

சிறுவயதுச் சான்றே இங்கு மிகவும் கடினமான பகுதி. நியூசிலாந்தின் டனீடின் நகரில் 1972, 1973 இல் பிறந்த ஆயிரத்துக்கு மேற்பட்டோரை 38 வயது வரை தொடர்ந்த ஆய்வு, வளர்ந்த வயதில் நிபந்தனைகளை நிறைவேற்றியவர்களில் பெரும்பாலோருக்குச் சிறுவயதில் ஏ.டி.எச்.டி. இருந்திருக்கவில்லை என்று 2015 இல் அறிவித்தது. வளர்ந்த பின் தொடங்கும் ஏ.டி.எச்.டி. என்று ஒன்று இருக்கிறதா என்ற விவாதம் எழுந்தது. 2018 இல் வேறோர் ஆய்வுக்குழு, அப்படித் தோன்றியவர்களை நுணுக்கமாக நேர்கண்டபோது, படிவத்தில் தேறியவர்களில் ஏறத்தாழ 95 சதவீதத்தினருக்கு வேறு விளக்கம் கிடைத்தது. படிவம் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வலிமையான சான்று தேவையில்லை.

அம்பாறைக் கரையில் இந்தச் சிறுவயதுச் சான்றைப் பெறுவதற்கு இரட்டைத் தடை. 2004 டிசம்பர் 26 ஆம் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கொன்றது. வீடுகளோடு தேர்ச்சி அறிக்கைகளும் கிளினிக் பதிவேடுகளும் அள்ளுண்டு போயின. உள்நாட்டுப் போரில் இடம்பெயர்ந்தவர்கள் அதற்கு முன்பே அவற்றை இழந்திருந்தார்கள். சாட்சி சொல்லக்கூடிய உம்மாவும் மூத்தம்மாவும்கூடச் சிலருக்கு எஞ்சவில்லை. அன்று பன்னிரண்டு வயதுக்குட்பட்டிருந்தவர்கள் இன்று இருபதுகளிலும் முப்பதுகளிலும் இருக்கிறார்கள். வளர்ந்தோர் மதிப்பீட்டுக்கு வரக்கூடிய வயது. ‘பன்னிரண்டுக்கு முன்பே இருந்ததா’ என்ற கேள்வி அவர்களிடம் கேட்கப்படும்போது, அது கடல் வருமுன் இருந்ததா, வந்தபின் தொடங்கியதா என்று இன்னொரு கேள்வியையும் கேட்காமல் விடமுடியாது. பின்னதாயின் அதிர்ச்சிக்கான சிகிச்சையே முதலில் தேவை. ஏட்டில் சான்று இல்லாதபோது மூத்த ராத்தா, காக்கா, சாச்சி, தரம் 1 இல் படிப்பித்த ஆசிரியர், பக்கத்து வாங்கில் இருந்த தோழர் ஆகியோரின் நினைவு சான்றாகும். ‘மிகவும் குழப்படி’ என்ற பொதுவான வார்த்தையைவிட, ‘மாதத்தில் மூன்று முறை செருப்பைத் தொலைப்பான்’ என்பதுபோன்ற திட்டமான நிகழ்ச்சி பெறுமதியானது.

கிளினிக்குக்குப் போக நினைக்கும் குடும்பம் திகதி கிடைக்கும்வரை சும்மா இருக்க வேண்டியதில்லை. பிள்ளைச் சுகாதாரப் பதிவேட்டையும் எல்லாத் தேர்ச்சி அறிக்கைகளையும் எடுத்து வையுங்கள். இரண்டு ஆண்டு அப்பியாசக் கொப்பிகளில் சிலவற்றையும் சேருங்கள். வகுப்பாசிரியரிடமும் மத்ரஸா மௌலவியிடமும் தனித்தனியாக, ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காதபடி, பிள்ளை இருக்கும் விதத்தை அரைப் பக்கம் எழுதித் தரும்படி கேளுங்கள். காதையும் கண்ணையும் பொத்துவிலிலேயே பரிசோதித்து முடிவுத் துண்டை வாங்கிக்கொள்ளுங்கள். உறக்கம், குறட்டை, எடுக்கும் மருந்துகள், குடும்பத்தில் வேறு யாருக்கும் இதுபோன்ற இயல்பு உண்டா என்பவற்றை ஒரு தாளில் குறியுங்கள். பிள்ளையை அதிகம் பார்ப்பவர் யாரோ அவரையும் பேருந்தில் ஏற்றிக்கொள்ளுங்கள்.